ஓய்வு நேரமும் மனசாட்சியும் வீட்டாரும்: கேள்வி பதில்

பெற்றோருடன் வாழ்கிற, அல்லது தனியே வாழ்ந்தாலும் அவர்கள் சொல்லை மதிக்கிற, சம்பாதிக்கும் வயதிலுள்ள விசுவாசிகள் ஓய்வு நேரத்தைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டு, ஒரே விதமான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயது. திரைப்படம் பார்ப்பதே பாவம் என்று என் பெற்றோர் உறுதியாக நம்புகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. நல்ல படங்களை மட்டும் நண்பர்களோடு பார்க்கிறேன். ஆனால் அலுவலக வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறேன். இது தவறா?

பதில்: தம்பி, படத்தைப் பற்றி ஒன்று, பொய்யைப் பற்றி ஒன்று என நீங்கள் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்குப் பதில் உங்களுக்கே தெரிந்திருப்பதால்தான் கேட்கத் தோன்றியிருக்கிறது. படம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பொய் சொல்லிவிட்டுப் போய்ப் பார்க்கிற மாலை உங்களுக்கு இளைப்பாறுதலாக இருக்க முடியாது.

முதல் கேள்விக்கு ரோமர் 14-ஆம் அதிகாரத்தை முழுவதுமாக வாசியுங்கள். உணவைப் பற்றியும் விசேஷ நாட்களைப் பற்றியும் கருத்து வேறுபட்ட சபைக்கு எழுதும்போது, புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாக எண்ணக் கூடாது என்றும், புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்றும் பவுல் இரு தரப்புக்கும் கட்டளையிடுகிறார். உங்கள் வீட்டில் முதல் கட்டளை உங்களுக்கு உரியது. பெற்றோரைப் பழமைவாதிகள் என்று மனதுக்குள் இகழ்ந்துகொண்டே அவர்களுக்கு அடங்கி நடப்பது மரியாதை ஆகாது.

அடுத்ததாக, நண்பர்கள் அழைக்கிற எல்லாப் படங்களும் நல்ல படங்கள்தானா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீன் தம் நண்பர் அலிப்பியுஸைப் பற்றி எழுதியிருக்கிறார். ரோமாபுரியில் வாட்போர் வீரர்களின் சண்டையைக் காண நண்பர்கள் அவரை இழுத்துச் சென்றபோது, உடல் அங்கே இருந்தாலும் பார்க்கமாட்டேன் என்று அவர் கண்களை மூடிக்கொண்டார். கூட்டத்தின் பெரும் கூச்சலைக் கேட்டுக் கண் திறந்தவர் அந்த வெறியில் தாமும் கலந்துபோனார். பின்னர் மற்றவர்களை அழைத்துச் செல்கிறவராகவும் ஆனார். தம் மன உறுதியை மட்டும் நம்பியதே அவரை வீழ்த்தியது என்பது அகுஸ்தீனின் கருத்து. ஆகவே எந்தப் படம் என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே நீங்கள் தீர்மானித்திருக்க வேண்டும்.

பெற்றோரிடம் உண்மையைச் சொல்லுங்கள். படத்துக்குப் போகிற நாளில் வாசலில் நின்று சொல்லாமல், வேறொரு நாளில் அமைதியாக உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் வருந்தக்கூடும். தாம் உண்பதைப் பார்த்து இன்னொருவன் தன் மனசாட்சிக்கு விரோதமாக உண்ணத் துணிவான் என்றால், என்றைக்கும் இறைச்சி உண்ணமாட்டேன் என்று பவுல் எழுதினார். உங்கள் பெற்றோர் உங்களைப் பார்த்துத் திரையரங்குக்குப் போகப்போவதில்லை என்பதால், அந்த வசனம் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் அவர்கள் கூடத்தில், அவர்கள் முன்னிலையில் படத்தை ஓடவிடாமல் இருப்பது, யாரும் கட்டாயப்படுத்தாமலே அன்பு செய்யக்கூடிய காரியம்.

கேள்வி: ஞாயிறு மாலையில் தோழிகளோடு இறகுப்பந்து விளையாடுவேன். மற்ற நாட்களில் நேரம் கிடைப்பதில்லை. ஓய்வுநாளைப் பரிசுத்தக் குலைச்சலாக்குகிறாய் என்று அப்பா மனம் வருந்துகிறார். நான் விட்டுவிட வேண்டுமா?

பதில்: சகோதரி, உங்கள் தந்தையின் கருத்தை அவருடைய பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள், அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் அரசர் 1618-இல், ஞாயிறு ஆராதனைக்குப் பின் மக்கள் நடனம், வில்வித்தை, தாண்டுதல் போன்றவற்றில் ஈடுபடலாம் என்று அறிவித்தார். 1633-இல் முதலாம் சார்ல்ஸ் அதை மீண்டும் வெளியிட்டு ஆலயங்களில் வாசிக்கச் சொன்னபோது, மறுத்த போதகர்கள் பலர் தண்டனைக்கு உள்ளானார்கள். 1643-இல் நாடாளுமன்றம் அந்த அறிவிப்பையே எரிக்க உத்தரவிட்டது. அதே காலத்தில் உருவாகி, பிரஸ்பிட்டேரியன் சபைகள் ஏற்றுக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, அந்த நாளில் உலக வேலைகளோடு உலகப் பொழுதுபோக்குகளையும் விலக்கச் சொல்கிறது. ஏசாயா 58:13 அந்தக் கருத்துக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்படுகிறது.

மறுபுறம், லூத்தரன் சபைகளின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை, யூதர்களின் ஓய்வுநாள் கட்டளை கிறிஸ்தவர்களைக் கட்டுப்படுத்தாது என்றும், சபை கூடிவரும் ஒழுங்குக்காகவே ஞாயிறு ஏற்படுத்தப்பட்டது என்றும் கூறுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, மனதுக்கும் உடலுக்கும் வேண்டிய இளைப்பாறுதலை அந்த நாளுக்கு உரியதாகவே கருதுகிறது. ஆகவே தேவபக்தியுள்ளவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள் என்பதை நீங்களும் உங்கள் தந்தையும் சேர்ந்தே அறிந்துகொள்வது நல்லது.

ஸ்காட்லாந்து ஓட்டப்பந்தய வீரர் எரிக் லிடெலை உங்கள் தந்தை நிச்சயம் எடுத்துக்காட்டுவார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்ததால் அவர் அதில் ஓட மறுத்தார். 400 மீட்டரில் 47.6 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். பின்னர் சீனாவில் மிஷனரியாகப் பணியாற்றிய அவர், போர்க்காலத்தில் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டு 1945-இல் அங்கேயே இறந்தார். அந்த முகாமில் ஞாயிறன்று விளையாடிய பிள்ளைகளின் ஆட்டம் சண்டையில் முடிந்ததையடுத்து, நடுவராக நிற்க அவரே முன்வந்ததாக உடனிருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தமக்காக ஓட மறுத்த நாளில், பிள்ளைகளுக்காக அவர் களத்தில் இறங்கினார். அவரை இப்படி முழுமையாகப் பார்த்தால் உங்கள் வீட்டு உரையாடலும் மாறக்கூடும்.

என் கருத்தைக் கேட்டால், நீங்கள் ஆராதனையைத் தவறவிடாதவரை, அந்த ஆட்டத்தினால் வேறொருவர் வேலை செய்ய நேராதவரை, மாலை விளையாட்டில் குற்றம் இல்லை. ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று நம் ஆண்டவரே சொன்னார். ஆனால் ஞாயிறு முழுவதும் நண்பர்களுக்கே போய்விடுகிறதா என்று பாருங்கள். வாரம் முழுவதும் மகளோடு பேசக் காத்திருக்கிற தந்தை, தம் ஏக்கத்தை உபதேசமாகச் சொல்வதும் உண்டு. மதியப் பொழுதை அவருக்கென்று ஒதுக்கிவிட்டு, பிறகு ஆட்டத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

கேள்வி: இரவில் மூன்று மணி நேரம் கணினி விளையாட்டு விளையாடுகிறேன். அதில் வன்முறையோ ஆபாசமோ இல்லை. அம்மா ஏன் குறை சொல்கிறார் என்று புரியவில்லை.

பதில்: கத்தோலிக்க ஆயர் பிரான்சிஸ் சலேசியார் 1609-இல் வெளியிட்ட தம் பக்தி நூலில் சதுரங்கத்தை நல்ல விளையாட்டு என்றே ஏற்றுக்கொண்டு, ஐந்தாறு மணி நேரம் ஆடியபின் மனம் சோர்ந்து வறண்டுவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறார். ஆட்டத்தில் தீமை இல்லாவிட்டாலும், அளவு மீறும்போது அது பொழுதுபோக்கு என்ற தன்மையை இழந்து ஒரு வேலையாகிவிடுகிறது. “நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்” என்ற 1 கொரிந்தியர் 6:12-ஐச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: ஒரு வாரம் நிறுத்துங்கள். எரிச்சலில்லாமல் நிறுத்த முடிந்தால், பின்பு நேரத்தைக் குறைத்துத் தொடருங்கள். முடியாவிட்டால் உங்கள் அம்மா கண்டது சரிதான். காலை ஜெபத்துக்கு விழித்திருக்க முடிகிறதா என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: மாயாஜாலக் கதைகள் படிக்கலாமா?

பதில்: மந்திரத்தை நடைமுறையில் செய்வதை வேதம் தடுக்கிறது. கற்பனைக் கதையில் நன்மை எது, தீமை எது என்பது தெளிவாக இருந்து, உங்கள் மனசாட்சியும் இடம் கொடுத்தால் படிக்கலாம். தயக்கத்தோடு படிப்பதானால் வேண்டாம்.

கேள்வி: வாரத்தில் ஐந்து மாலைகள் பாடகர் குழு, வாலிபர் கூடுகை, ஜெபக்குழு என்று சபையிலேயே கழிகின்றன. நல்ல காரியம்தானே செய்கிறேன்? வீட்டில் இருப்பதே இல்லை என்று அம்மா அழுகிறார்.

பதில்: சகோதரரே, இந்தத் தொகுப்பில் எனக்கு மிகுந்த கவலை தந்த கேள்வி உங்களுடையதுதான். மாற்கு 7-இல், பெற்றோருக்கு உதவியாகக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டுக் கைகழுவியவர்களை இயேசு கடிந்துகொண்டார். அங்கே பேசப்பட்டது பொருளைப் பற்றியது. மாலைப் பொழுதுக்கும் அது பொருந்தும் என்றே எண்ணுகிறேன். சிறு பிள்ளையாக இருந்தபோது கீழ்ப்படிந்ததுபோல் இப்போது எல்லாவற்றிலும் கீழ்ப்படிய வேண்டியதில்லை. ஆனால் கனம்பண்ணுவதற்கு வயது வரம்பு கிடையாது. மேலும், ஊழியம் செய்து திரும்பிய சீஷர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லாதபோது, தனித்த ஓரிடத்தில் சற்றே இளைப்பாற வரும்படி ஆண்டவர் அழைத்தார். உங்களுக்கும் அந்த அழைப்பு உண்டு. எந்த இரண்டு பொறுப்புகளை வேறொருவர் ஏற்க முடியும் என்று உங்கள் போதகரிடம் இந்த வாரமே கேளுங்கள். அப்படிக் கிடைக்கும் மாலைகளை வேறு திட்டங்களால் நிரப்பாமல் அம்மாவோடு சும்மா இருங்கள்.

கேள்வி: என் வீட்டில் யாரும் சபைக்கு வருவதில்லை. குடும்பம் கூடும்போதெல்லாம் பணம் வைத்துச் சீட்டாடுகிறார்கள். நான் விலகி அறைக்குள் இருந்தால், பக்தி வந்ததும் எங்களை வெறுக்கிறாய் என்கிறார்கள்.

பதில்: சகோதரி, அறையை விட்டு வெளியே வாருங்கள். வரி வசூலிப்பவர்களோடு பந்தியிருந்ததற்காக நம் ஆண்டவரே குறைகூறப்பட்டார். பணம் வைத்து ஆடமாட்டேன் என்று ஒரு முறை புன்னகையோடு சொல்லிவிட்டு, அவர்கள் அருகில் உட்காருங்கள், பிள்ளைகளைக் கவனியுங்கள், பணமில்லாத ஆட்டம் வந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். ஆட்டம் நடக்கும் இடத்தில் உபதேசம் வேண்டாம். யாராவது வீட்டுச் செலவுக்கான பணத்தை இழக்கிற அளவுக்குப் போனால், அதைக் குடும்பக் காரியமாக எடுத்துக்கொண்டு, அவரிடம் மறுநாள் தனியாகப் பேசுங்கள்.