முதலில் கேட்டது யார்?

கேள்வி: அக்கா, என் மச்சான் ஒருவன் இரண்டு கஜமுத்து விற்கப் போய் மாட்டிக்கொண்டான். வாங்க வந்தவர்கள் பெரிய முதலாளிகள் மாதிரி வான் வண்டியில் வந்திறங்கி, விலை பேசி, காசையும் காட்டிவிட்டு, பொருள் கைக்கு வந்ததும் பிடித்துவிட்டார்கள். எல்லோரும் சிவில் உடையில் வந்த அதிகாரிகள். மச்சான் யானை சுட்டவன் இல்லை, இடையில் நின்று கமிஷன் பார்த்தவன். சட்டத்தைக் காக்கிறவர்களே பொய் சொல்லி ஆளைப் பிடிப்பது நியாயமா?
- பெயர் வேண்டாம், திருக்கோவில்

பதில்: தம்பி, உங்கள் பதற்றம் விளங்குகிறது. ஆனால் கஜமுத்து சிப்பியில் விளைகிற முத்து இல்லை. கொம்பன் யானையின் தந்தத்து அடிக்குழிக்குள் அபூர்வமாக உருண்டு திரளும் தந்தக் கட்டி அது, உயிரோடு நிற்கிற கொம்பன் எதுவும் அதைத் தானாகக் கொடுக்காது. இலங்கையில் ஆண் யானைகளிலேயே நூற்றுக்கு 7 அளவில்தான் தந்தம் உள்ளவை. வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் வரும் என்று யாரோ ஒரு பணக்காரர் நம்புவதற்காக, கல்லோயாவிலோ லகுகலையிலோ நிற்கிற ஒரு கொம்பன் விழ வேண்டியிருக்கிறது. வயல் அழிந்த வேதனையில் வெடி கொளுத்தி யானை விரட்டுகிற வெல்லாவெளி விவசாயியையும் இந்தக் கஜமுத்து வியாபாரிகளையும் நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன்.

சரி, பொய்க்கு வருவோம். வீட்டில் களவு போனால் வீட்டுக்காரர் முறைப்பாடு கொடுப்பார். யானைக்காக யார் கொடுப்பது? மாடு தேடிப் போனவர் நாற்றம் பிடித்துப் போய்ப் பார்க்கிறபோது முகம் வெட்டுப்பட்ட உடல்தான் கிடக்கும். சுட்டவன், சுமந்தவன், தரகன், முதலாளி எல்லோருக்கும் அதில் பங்கு இருப்பதால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், அந்த வியாபாரம் வெளிச்சத்துக்கு வருகிற ஒரே இடம் விலை பேசுகிற இடம்தான். அங்கே ஒரு அதிகாரி வாங்குகிறவர்போல நிற்பதை நான் பிழை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் நான் ஒன்று கேட்பேன்: முதலில் பேச்சை எடுத்தது யார்? மச்சான் கையில் பொருளை வைத்துக்கொண்டு ஆள் தேடினான் என்றால், அவர்கள் அந்த ஆளாக வந்து நின்றார்கள், அவ்வளவுதான். அப்படியில்லாமல், கூலி வேலைக்குப் போகிற ஒருவரைத் தேநீர்க் கடையில் பிடித்து, கஜமுத்து கொண்டுவந்தால் இத்தனை லட்சம் என்று ஆசை காட்டி, மறுத்த பிறகும் திரும்பத் திரும்பப் போன் எடுத்திருந்தால் அது வேறு கதை. அந்த மனுசனுக்கு அந்த எண்ணமே இருந்திருக்காது. அதைவிடப் பயங்கரம், சொன்ன விலையை நம்பி அவர் இன்றைக்கு உயிரோடு நிற்கிற ஒரு கொம்பனைத் தேடிப் போகலாம். யானையைக் காக்கப் போட்ட தூண்டிலே யானையைக் கொன்றுவிடும்.

அமெரிக்காவில் சில மாநிலங்களில் வேட்டைத் தடுப்பு அதிகாரிகள் தலையை ஆட்டுகிற பொம்மை மானைத் தெருவோரம் நிறுத்திவைத்துக் காத்திருப்பார்கள். இரவில் வாகனத்திலிருந்து அதைச் சுடுகிறவன் பிடிபடுவான். யாரும் அவனைச் சுடச் சொல்லவில்லை, ஒரு உயிரும் போகவில்லை. அதே அமெரிக்காவில் 1980களில் அரசாங்கமே ஆள் வைத்து வல்லூறுகளை விற்று வாங்கியவர்களைப் பிடித்தபோது, சட்டத்துக்குப் புறம்பான சந்தையை அரசே நடத்துவதா என்று கடும் கண்டனம் வந்தது. 1992ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், வனவிலங்குக்குச் சம்பந்தமில்லாத ஒரு வழக்கில், 26 மாதங்கள் ஒருவருக்குக் கடிதம் அனுப்பி அனுப்பி ஆசையை வளர்த்த பிறகு பிடித்தது செல்லாது என்று தண்டனையை நீக்கியது.

இன்னொரு மனத்தாங்கலும் எனக்கு உண்டு. பத்திரிகைப் படத்தில் குனிந்து நிற்கிறவர் பெரும்பாலும் தரகர்தான். வாங்கிப் பழகிய முதலாளியைக் காணோம். இத்தனை நாடகமும் போட்டுக் சங்கிலியின் கடைசிக் கண்ணியோடு நின்றுவிட்டால், அடுத்த தரகர் நாளைக்கே கிடைப்பார்.

மச்சானை ஒரு சட்டத்தரணியிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்: யார் முதலில் அழைத்தது, எத்தனை தரம், விலையை யார் சொன்னது, பொருள் யார் கையிலிருந்து வந்தது. போன் பதிவுகளை அழிக்க வேண்டாம். பொருள் கொடுத்தவனுடைய பெயரைச் சொல்வதற்கும் அவன் தயங்கக் கூடாது.

கேள்வி: முகநூலில் ஒருவன் புலிப்பல் விற்கிறான். நண்பர்கள் சேர்ந்து வாங்குகிறமாதிரி நடித்து, வீடியோ எடுத்து பொலிஸில் கொடுக்கலாமா?
- வாசகர், வாழைச்சேனை

பதில்: வேண்டாம், தம்பி. காசு கொடுத்து அதைக் கையில் வாங்கினால் நீங்களும் குற்றவாளிதான், நடிப்பு என்று பிறகு யார் நம்புவார்கள்? அவன் கையில் துவக்கும் இருக்கலாம். பதிவையும் கணக்கின் பெயரையும் படம் பிடித்து, விலை கேட்காமல், வனஜீவராசிகள் திணைக்களத்திடமோ பொலிஸிடமோ கொடுத்துவிடுங்கள். கொடுத்த திகதியை எழுதி வையுங்கள், இரண்டு கிழமை கழித்து என்ன நடந்தது என்று போய்க் கேளுங்கள்.