சக்கரம் தொடப்போன விமானம் ஏன் மறுபடி ஏறுகிறது?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்குச் சென்றுவிட்டு விமானத்தில் திருச்சிக்குத் திரும்பினேன். இரவு நேரம், மழை இல்லை, கீழே வீட்டு விளக்குகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. இதோ தரையைத் தொடப்போகிறது என்று நினைத்த நொடியில் எஞ்சின்கள் உறும, விமானம் மூக்கை நிமிர்த்திக்கொண்டு மேலே போய்விட்டது. பக்கத்தில் இருந்த ஆச்சி பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்கு வாய்விட்டு நேர்ந்துகொள்ளத் தொடங்கிவிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துத்தான், முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லை என்று அறிவித்தார்கள். கால் மணி நேரத்தில் நல்லபடியாக இறங்கினோம். அந்த அறிவிப்பு உண்மைதானா, அல்லது விமானி செய்த பிழையை மறைக்கச் சொன்ன சமாதானமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: அறிவிப்பைத் தாராளமாக நம்பலாம். திருச்சியில் இருப்பது ஒரே ஓடுபாதை. முன்னதாக இறங்கிய விமானம் அதைவிட்டு முழுவதுமாக விலகிய பிறகே அடுத்த விமானத்துக்கு அங்கே இடம். இறங்கவரும் பயணிகள் விமானம் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 70 மீட்டர் வீதம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. முன்னால் இறங்கியவர் வழக்கமான விலகுபாதையைத் தவறவிட்டு அடுத்ததை நோக்கி மெதுவாக உருண்டுபோனால் அரை நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். அந்த அரை நிமிடத்தில் பின்னால் வருபவர் இரண்டு கிலோமீட்டர் நெருங்கியிருப்பார். பேருந்தாக இருந்தால் ஓரமாக நிறுத்திக் காத்திருக்கலாம். விமானத்துக்கு நிற்பது என்பது கிடையாது. மேலே ஏறிச் சுற்றிவருவது ஒன்றே அதற்குத் தெரிந்த காத்திருப்பு. ஆகவே கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து "கோ அரவுண்ட்" என்று இரண்டே சொற்கள் வரும். விமானி காரணம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், ஏறிவிடுவார்.

கோபுரம் சொல்லாமல் விமானியே முடிவெடுக்கும் தருணங்களும் உண்டு. அதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மழையிலோ மூடுபனியிலோ கருவிகளின் துணையோடு இறங்கும்போது, சாதாரண வகை அணுகலில் (ஓடுபாதையை நோக்கி இறங்கிவரும் கட்டத்தை அணுகல் என்பார்கள்), ஏறத்தாழ 200 அடி உயரத்துக்கு வந்தும் ஓடுபாதை விளக்குகள் கண்ணில் படவில்லை என்றால், அதற்குக் கீழே ஓர் அடிகூட இறங்கக் கூடாது. காற்று திடீரென்று திசை மாறலாம், ஓடுபாதையில் நாய் குறுக்கே ஓடலாம். விராலிமலைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு மயில் எவ்வளவு நிதானமாகச் சாலையைக் கடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓடுபாதையிலும் அதன் நிதானம் மாறாது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் கரையைக் கடக்கவிருந்த வேளையில், மும்பையிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு விமானம் தரையை ஒட்டி வந்து, பக்கவாட்டில் சாய்ந்தாடி, மீண்டும் எழும்பிச் சென்ற காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். விமானம் நிலைதடுமாறியது என்று அதைப் பகிர்ந்தவர்கள் எழுதினார்கள். ஆட்டம் காற்றினுடையது, அதைக் கண்டதும் ஏறிவிட்ட முடிவு விமானிகளுடையது. 

அறிவிப்பு தாமதமானதற்குக் காரணம் எளிது. இறங்குவதற்கென்று அடங்கியிருந்த எஞ்சின்களுக்கு முழு விசை கொடுத்து, மூக்கை உயர்த்தி, இறக்கை மடிப்புகளை ஒரு படி உள்ளிழுத்து, விமானம் உண்மையிலேயே ஏறுகிறது என்று கருவியில் உறுதிசெய்துகொண்ட பிறகு சக்கரங்களை மடக்கி, அந்த ஓடுபாதைக்கென்று முன்னரே வரைபடத்தில் குறித்துவைத்த பாதையில் திரும்பி, கோபுரத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். இத்தனையும் ஓரிரு நிமிடங்களுக்குள். முதலில் ஓட்டு, பிறகு வழியைப் பார், அதற்குப் பிறகு பேசு என்பது விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் வரிசை. அந்த வரிசையில் பயணிகளாகிய நாம் கடைசியில் இருக்கிறோம். உங்களுக்கு அது அவ்வளவு செங்குத்தாகத் தோன்றியதும் இயல்பே: பயணத்தின் முடிவில் எரிபொருள் பெரும்பகுதி தீர்ந்து விமானம் இலேசாக இருக்கிறது, விசையோ ஏறத்தாழப் புறப்படும்போது கொடுக்கும் அளவு.

கேள்வி: இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால் எரிபொருள் தீர்ந்துவிடாதா? 2024 அக்டோபரில் திருச்சிக்கு மேலே ஒரு விமானம் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகச் சுற்றியதே, அதுவும் கோ அரவுண்ட்தானா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: இரண்டும் வேறு வேறு. அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து சார்ஜாவுக்கு 141 பேருடன் புறப்பட்ட அந்த போயிங் 737 விமானத்தில், ஏறிய சற்று நேரத்திலேயே ஹைட்ராலிக் அமைப்பில், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரம் போன்ற பாகங்களை இயக்கும் அமைப்பில், கோளாறு தெரியவந்தது. தொலைதூரப் பயணத்துக்கென்று நிரப்பிய எரிபொருளோடு அது கனமாக இருந்தது. அவ்வளவு எடையுடன் இறங்குவது நல்லதல்ல. பெரிய விமானங்கள் சிலவற்றைப் போல எரிபொருளை வானிலேயே வெளியேற்றிவிடும் வசதி 737-இல் இல்லை. ஆகவே எரித்துத்தான் குறைக்க வேண்டியிருந்தது. அன்று விமானிகளுக்கு இருந்த சிக்கல் எரிபொருள் மிகுதி. நீங்கள் அஞ்சுவது எரிபொருள் பற்றாக்குறை.

அதற்கும் கணக்கு உண்டு, அதுவும் நம் ஊர்ப் பழைய பேரேடுகளைப் போலக் கறாரான கணக்கு. சேருமிடம் வரைக்குமான எரிபொருள் ஒன்று. வழியில் எதிர்பாராமல் கூடுவதற்கென்று ஒரு பங்கு. சேருமிடத்தில் இறங்க முடியாமல் ஏறிவிட்டால் அங்கிருந்து மாற்று நிலையத்துக்குப் போக ஒரு பங்கு. திருச்சிக்கு வருபவருக்கு அந்த மாற்று நிலையம் மதுரையாகவோ சென்னையாகவோ இருக்கலாம். இவை அனைத்துக்கும் மேலாக, ஜெட் விமானம் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமிடுவதற்கான இறுதி இருப்பு. கடைசியில் சொன்னதைக் கைமுதல் என்றே வைத்துக்கொள்ளலாம். அதில் கைவைக்க நேரும் என்று தெரிந்தாலே விமானி "மேடே ஃபியூயல்" என்று அபாய அறிவிப்புச் செய்தாக வேண்டும். ஆகவே காரைக்குடி வாசகி வந்த விமானம் ஒருமுறை ஏறிச் சுற்றியதற்கான எரிபொருள் அது சிங்கப்பூரில் புறப்படும்போதே கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

கேள்வி: அனுபவம் மிகுந்த விமானி எப்படியும் இறக்கிவிடுவார், கோ அரவுண்ட் செய்பவர் கைப்பழக்கம் போதாதவர் என்று நண்பர் ஒருவர் வாதிடுகிறார். அவர் சொல்வது சரிதானா?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: உங்கள் நண்பர் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விமானம் ஓடுபாதையை நோக்கி 3 பாகைச் சரிவில் இறங்குகிறது. 1,000 அடி உயரத்தில் இருக்கும்போது ஓடுபாதை இன்னும் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். தொடுவதற்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. மேகத்துக்குள் வருவதானால் இந்த 1,000 அடியிலும், தெளிந்த வானில் பொதுவாக 500 அடியிலும், எல்லாம் சீராகியிருக்க வேண்டும் என்பது விதி. வேகம் சரியாக இருக்க வேண்டும், சக்கரமும் இறக்கை மடிப்பும் உரிய நிலையில் இருக்க வேண்டும், இறங்கும் விகிதம் நிமிடத்துக்கு 1,000 அடியைத் தாண்டக் கூடாது, எஞ்சின்களும் அடங்கிப் படுத்துவிடாமல் ஓரளவு விசையோடு இருக்க வேண்டும். இதை நிலைகொண்ட அணுகல் என்பார்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் ஏறிவிட வேண்டும். திருத்திக்கொண்டே இறங்கிவிடலாம் என்ற எண்ணம் கூடாது. எஞ்சின் குறித்த நிபந்தனைக்கு ஒரு காரணம் உண்டு: ஜெட் எஞ்சின் மோட்டார் சைக்கிளைப் போல முறுக்கியவுடன் சீறாது, அடங்கிய நிலையிலிருந்து ஏறுவதற்கான விசையை எட்ட 8 நொடிவரை ஆகலாம் என்று விமானத்துக்குப் பறக்கும் தகுதி தரும் சான்றிதழ் விதியே அனுமதிக்கிறது.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், இருக்க வேண்டிய உயரத்தைவிட மிக உயரத்தில், மிகுந்த வேகத்தோடு வந்தது. துணை விமானி மூன்று முறை ஏறிவிடும்படி சொன்னார். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியும் தொடர்ந்து ஒலித்தது. தலைமை விமானி இறக்கினார். 8,000 அடி சொச்ச ஓடுபாதையில் 5,200 அடியைக் கடந்த பிறகே சக்கரம் தொட்டது. குன்றை வெட்டிச் சமப்படுத்திய நிலையம் அது. முனையைத் தாண்டினால் பள்ளம். 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள். அந்தத் தலைமை விமானி கைப்பழக்கம் இல்லாதவர் அல்லர். 10,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர்.

பத்தாண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 7 அன்று, கோழிக்கோட்டில் நடந்ததைப் படிக்கும்போது எனக்கு இன்னும் வேதனை மிகுகிறது. அதுவும் குன்றின் மேல் அமைந்த நிலையம்; இரவு, மழை. முதல் முயற்சியை அந்த விமானிகள் முறைப்படி கைவிட்டு ஏறினார்கள். அதாவது, என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது, செய்தும் காட்டினார்கள். மறுமுறை எதிர்த்திசையில், பின்காற்றோடு இறங்கியபோது, 8,858 அடி ஓடுபாதையில் பாதித் தூரமான 4,438 அடியில் சக்கரம் தொட்டது. துணை விமானி "கோ அரவுண்ட்" என்று சொல்லியும் இறக்கம் தொடர்ந்ததாக 2021-இல் வெளியான விசாரணை அறிக்கை கூறுகிறது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

ஏன் ஏறவில்லை? வந்த வேலையை முடித்துவிட வேண்டும் என்ற பிடிப்பு ஒரு காரணம். பலமுறை இப்படி வந்து ஒன்றும் ஆகாமல் இறங்கியிருப்பது இன்னொன்று. ஃபிளைட் சேஃப்டி பவுண்டேஷன் என்ற பன்னாட்டு அமைப்பின் ஆய்வு, நிலைகொள்ளாத அணுகல்களில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே கோ அரவுண்டில் முடிகின்றன என்று கண்டது. மீதி 97-இல் பெரும்பாலானவை சேதமில்லாமல் இறங்கிவிடுகின்றன. அதனால்தான் அந்தப் பழக்கம் போவதில்லை. மூன்றாவது காரணம் நமக்கு நன்றாகப் பழக்கமானது. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் ஐயா முகப்பில் உட்கார்ந்து ஒன்று சொல்லிவிட்டால், அது தவறு என்று தெரிந்தாலும் வளவில் இருப்பவர்கள் வாய் திறந்ததில்லை. மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் துணை விமானிகள் வாய் திறந்தார்கள். சொன்ன சொல் செயலாகவில்லை. இருவரில் யார் சொன்னாலும் ஏறியே தீர வேண்டும் என்று பல விமான நிறுவனங்கள் இன்று வகுத்திருக்கும் விதியின் பின்னே இத்தகைய விபத்துகள் இருக்கின்றன. உங்கள் நண்பரிடம் இந்த இரண்டு ஊர்களின் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் ஏற முடியுமா?
— வாசகர், ஆத்தங்குடி

பதில்: முடியும், ஒரு எல்லை வரைக்கும். எஞ்சின் விசையை எதிர்ப்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸ் அமைப்பை இயக்கிவிட்டால், அதன் பிறகு நிறுத்துவது ஒன்றே வழி. மங்களூரில் அதை இயக்கிய பிறகு ஏற முயன்றிருக்கிறார்கள்.

எல்லைக்குள் இருந்தும் தவறலாம் என்பதற்குத் திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்ட ஒரு விமானமே சான்று. 2016 ஆகஸ்ட் 3 அன்று 300 பேருடன் துபாயில் இறங்கிய எமிரேட்ஸ் போயிங் 777, நெடுந்தூரம் மிதந்து வந்து, சக்கரம் தொட்ட பிறகு ஏற முற்பட்டது. ஏறுவதற்கான விசையைத் தானாகவே கொடுக்கவைக்கும் வழக்கமான பொத்தானை விமானி அழுத்தினார். சக்கரம் தரையில் பட்டுவிட்டால் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. விசை நெம்புகோலைக் கையால் தள்ள வேண்டும். எஞ்சின்கள் அடங்கியே கிடந்ததை விமானிகள் இருவரும் உடனே கவனிக்கவில்லை. சற்றே எழும்பிய விமானம் திரும்ப ஓடுபாதையிலேயே விழுந்து தீப்பற்றியது. விமானத்தில் இருந்த அனைவரும் உயிர்தப்பினார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார்.

கேள்வி: அப்படியானால் கோ அரவுண்டும் ஆபத்துதானே?
— மாணவி, பள்ளத்தூர்

பதில்: அரிதாக. இரவில், வெளியே எதுவும் தெரியாத இருட்டில், விமானம் சட்டென்று வேகமெடுக்கும்போது உடல் பின்னுக்குத் தள்ளப்படும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அதை மூக்கு அளவுக்குமேல் நிமிர்ந்துவிட்டதாகத் தவறாக எடுத்துக்கொள்ளும். அதை நம்பி மூக்கைக் கீழே அழுத்துகிறவர் தரையை நோக்கிப் பாய்கிறார். 2016 மார்ச் 19 அன்று ரஷ்யாவின் ரஸ்தோவ் நகரில் இரண்டாவது கோ அரவுண்டின்போது ஒரு போயிங் 737 விழுந்து 62 பேர் இறந்ததற்கு இத்தகைய மயக்கமும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. உடல் சொல்வதை விட்டுவிட்டுக் கருவி காட்டுவதைப் பார்க்கும் பழக்கம் பயிற்சியால்தான் வரும். விமானிகள் குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை சிமுலேட்டரில் அமர்ந்து, ஓர் எஞ்சின் நின்றுபோன நிலையிலும் கோ அரவுண்ட் செய்துகாட்ட வேண்டும். இரட்டை எஞ்சின் விமானமானால், மிஞ்சிய ஒன்றை மட்டும் கொண்டு 100 மீட்டர் முன்னேறுவதற்குள் குறைந்தது 2.1 மீட்டர் ஏறக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் சான்றிதழுக்கான நிபந்தனைகளில் ஒன்று.