அறையின் கோளாறுக்கு மைக் மருந்தாகுமா?

கேள்வி: வீட்டில் ஒரு சின்ன அறையை ஒலிப்பதிவுக்கு ஒதுக்கியிருக்கிறேன். என்னிடம் இருப்பது ஆரம்ப நிலை கண்டென்சர் மைக். எவ்வளவு கவனமாகப் பாடினாலும் குளியலறையில் பாடியது போலவே பதிவாகிறது. விலை கூடிய மைக்குக்கு மாறலாமா, அல்லது சுவர் முழுக்க ஃபோம் ஒட்டிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நல்ல மைக் வாங்கினால் அந்தக் குளியலறை இன்னும் துல்லியமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

முதலில் காசில்லாத சோதனை ஒன்று. ஒரே வரியை மைக்கிலிருந்து இரண்டு சாண் தள்ளி நின்று பாடிப் பதிவு செய்யுங்கள். அப்புறம் ஒரு சாண் தூரத்தில் அதையே பாடுங்கள். தூரம் பாதியானால் வாயிலிருந்து நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவைக் குறைத்து இரண்டு பதிவையும் ஒரே அளவு சத்தத்தில் கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். கிட்டே பாடியது தெளிவாக இருந்தால் மைக்கின் மேல் பழி போடாதீர்கள், குற்றவாளி அறைதான். ஒரேயடியாக மைக்கை ஒட்டிக்கொண்டும் பாட வேண்டாம். அடிக்குரல் வீங்கும், ஒவ்வொரு 'ப'வும் வெடிக்கும். வெடிப்புக்கு ஒரு பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் வலை) போதும்.

அடுத்தது போர்வை. கனத்த போர்வை இரண்டை மடித்துத் தொங்கவிடுங்கள். பலரும் அதை மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். கார்டியாய்டு வகை மைக் தன் முதுகுப் பக்கத்திலிருந்து வரும் ஒலியை ஏற்கெனவே பெரும்பாலும் ஒதுக்கிவிடும். அதன் முகம் பார்ப்பது உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரை. ஆகவே போர்வை போக வேண்டிய இடம் உங்கள் முதுகுக்குப் பின்னால். துணி நிறைந்த அலமாரி இருந்தால் கதவைத் திறந்துவிட்டு அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடிப் பாருங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், கேட்க நன்றாக இருக்கும்.

இனி ஃபோம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 3.4 மீட்டர். இரண்டரை சென்டிமீட்டர் ஃபோமை அந்த அலை சட்டைகூடச் செய்யாது. மெல்லிய ஃபோம் உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கி, அடி ஒலிகளை அறையில் உருள விட்டுவிடும். பெட்டிக்குள் அடைத்த மாதிரி மந்தமான குரல் கிடைப்பது இதனால்தான். வாங்குவதென்றால் 10 சென்டிமீட்டர் கனமுள்ள ராக்வூல் (கல் நார்) பலகைகளைத் துணி சுற்றி, சுவரிலிருந்து கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டுங்கள். எண்ணிக்கை குறைந்தாலும் கனம் குறையக் கூடாது.

பெட்டியில் போட்டிருக்கும் 'என்ஆர்சி' (ஒலி உறிஞ்சும் திறன்) எண்ணைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அது 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் எடுத்த அளவுகளின் சராசரி. அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று அந்த எண் வாயே திறக்காது. 125 ஹெர்ட்ஸில் எவ்வளவு உறிஞ்சும் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். ஃபோமாக இருந்தால் தீத்தடுப்புச் சான்று இருக்கிறதா என்பதும் கட்டாயக் கேள்வி, சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் மளமளவென்று எரியும். இன்னொன்று: இவை எதுவும் பக்கத்து வீட்டுச் சத்தத்தைத் தடுக்காது. உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. தடுக்கச் சுவரில் கனமும் இடுக்கில்லாத கதவும் வேண்டும்.

கேள்வி: ஷூர் எஸ்எம்7பி மைக் வாங்கப் போகிறேன். கூடவே மைக் ஒலியை முன்கூட்டியே உயர்த்தும் கெயின் பூஸ்டரும் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவியான உங்கள் இன்டர்ஃபேஸைப் பொறுத்தது. அந்த மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் தேவை என்று தயாரிப்பாளரே சொல்கிறார். உங்கள் இன்டர்ஃபேஸின் கையேட்டில் மைக் கெயின் அதிகபட்சம் எவ்வளவு என்று பாருங்கள். 60-க்கு மேல் தாராளமாக இருந்தால் பூஸ்டர் வேண்டாம். 50-ஐ ஒட்டி இருந்தால் கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கையேட்டில் 'ஈஐஎன்' என்ற இன்னொரு எண்ணும் இருக்கும். அது ப்ரீஆம்பின், அதாவது இன்டர்ஃபேஸுக்குள் மைக் ஒலியைப் பெருக்கும் பகுதியின், சொந்த இரைச்சல். மைனஸ் 128 டிபியு அளவில் இருந்தால் நல்ல ப்ரீஆம்ப், முழுக் கெயினிலும் அதிகம் சீறாது. பூஸ்டர் வாங்கினால் அதற்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர் (மைக் கேபிள் வழியே இன்டர்ஃபேஸ் அனுப்பும் மின்சாரம்) தேவைப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். என்னைக் கேட்டால், வாங்குவதற்கு முன் யாரிடமாவது அந்த மைக்கை ஒரு நாள் இரவல் வாங்கி உங்கள் இன்டர்ஃபேஸிலேயே மாட்டிப் பாருங்கள். மென்மையாகப் பாடுகிறவருக்கும் தொண்டை கிழியப் பாடுகிறவருக்கும் விடை மாறும்.

கேள்வி: 192 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவு செய்யும் இன்டர்ஃபேஸுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த எண், ஒரு நொடியில் ஒலியை எத்தனை தடவை அளக்கிறது என்பது. பிடிபடுவது அதில் பாதி வரையிலான ஒலி. 44.1 கிலோஹெர்ட்ஸே 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பிடித்துவிடும், நம் காதோ 20-ஐத் தாண்டாது. வயது ஏற ஏற அதுவும் குறையும். 24 பிட்டில், 44.1 அல்லது வீடியோவுக்கென்றால் 48-இல் பதிவு செய்யுங்கள். மிச்சப்படும் காசு ராக்வூலுக்கு ஆகும்.

கேள்வி: பழைய அனலாக் மிக்ஸர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. குமிழ்களைத் திருகினால் கரகரப்பு, பின்னணியில் 'ம்ம்ம்' என்று ஹம் வேறு. சால்டரிங் ஓரளவு தெரியும். வாங்கிச் சரிசெய்யலாமா?

பதில்: கரகரப்பு பெரிய நோயில்லை. எலக்ட்ரானிக்ஸுக்கான கான்டாக்ட் கிளீனரை அடித்து, குமிழை இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்பினால் பெரும்பாலும் போய்விடும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை அடித்துவிடாதீர்கள்.

விலை பேச உதவுவது அந்த ஹம். லேப்டாப்பை எடுத்துப் போய் அதில் பதிவு செய்து, ஸ்பெக்ட்ரம் அனலைசரில் எந்த இடத்தில் முகடு உயர்ந்து நிற்கிறது என்று பாருங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால், 50-இலேயே நின்றால் பெரும்பாலும் எர்த் லூப் (கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகிவிடுவது) அல்லது கேபிள் கோளாறு. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றால் சந்தேகமே வேண்டாம், மிக்ஸர் நிரபராதி. 100-இல் நின்றால் பவர் சப்ளையின் ஃபில்டர் கபாசிட்டர்கள் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 60, 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹம்மை நிறுத்த ப்ளக்கின் எர்த் பின்னைக் கழற்றும் வைத்தியத்தை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது உயிர் காக்கிற கம்பி.

கபாசிட்டர் மாற்றுவதென்றால் 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும். மைனஸ் கோட்டைப் பார்த்து மாட்டுங்கள். நான் ஒரு தடவை திருப்பி மாட்டி, 'பட்' என்று வெடித்து, அந்த நாற்றம் அறையைவிட்டுப் போக இரண்டு நாளானது. வால்வு வைத்த கருவியாக இருந்தால் உங்கள் அனுபவத்துக்கு வேண்டாம் என்றே சொல்வேன். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

மிக்ஸரோடு சேர்த்து பழைய ஃபயர்வயர் (அந்தக் கால கம்ப்யூட்டர் இணைப்பு வகை) இன்டர்ஃபேஸ் ஒன்றையும் மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள். ஒலி அருமையாக இருக்கும், மாட்டப் புதிய கம்ப்யூட்டரில் துளை இருக்காது, டிரைவரும் இருக்காது. அப்படி ஒன்று என் மேசையில் எட்டு வருடமாகக் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.