கல்லீரல் பயாப்ஸி: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

மஞ்சள் காமாலையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பயாப்ஸி என்னும் சதைப் பரிசோதனையைப் பற்றியே கேட்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு, எழுதியவர்களின் பெயரை விடுத்து, இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு வயது 58. மூன்று மாதங்களாக ஓயாத அசதி. இடையிடையே கண் மஞ்சளாகிறது. ஈரல் என்சைம்கள் பல மடங்கு உயர்ந்திருக்கின்றன. ஈரலைத் தாக்கும் பி, சி வைரஸ்கள் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குவதாகச் சந்தேகித்து, மதுரையில் உள்ள ஈரல் நிபுணர் பயாப்ஸி எடுக்கச் சொல்கிறார். ஆத்தாவோ, "வயிற்றைக் கிழித்து ஈரலை அறுப்பார்களாம், எனக்குக் கீழாநெல்லியே போதும்" என்கிறார்கள். உண்மையில் என்ன செய்வார்கள்? வலிக்குமா? அன்றே ஊர் திரும்பலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: கிழிப்பதும் இல்லை, அறுப்பதும் இல்லை. வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையே ஓர் ஊசியைச் செலுத்தி, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமனும் உள்ள ஒரு சதை இழையை எடுப்பார்கள். ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஈரலில் அது ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான் என்பதை ஆத்தாவிடம் சொல்லுங்கள். ஈரலுக்கு அதனால் எந்தக் குறைவும் நேராது.

ஊசி குத்தும் நேரம் குறைவு. அதற்கு முந்தைய ஏற்பாடுகளும் பிந்தைய காத்திருப்பும்தான் அதிகம். குடும்பத்தார் கவனம் செலுத்த வேண்டியவையும் அவையே. ரத்தம் உறையும் வேகம், உறைவதற்கு உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கை, ரத்தப் பிரிவு ஆகியவற்றை முன்கூட்டியே பார்ப்பார்கள். தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான மருத்துவர்கள் விலா வழியாக ஊசி போடத் தயங்குவார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைச் சில நாட்கள் முன்னதாக நிறுத்தச் சொல்வது வழக்கம். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவரோ வால்வு மாற்றியவரோ தாமாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்திவிடக் கூடாது, இதய மருத்துவரும் ஈரல் மருத்துவரும் கலந்து பேசித்தான் அதை முடிவு செய்ய வேண்டும். மூட்டுவலிக்கு என்று கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள், சூரண டப்பாக்கள், லேகிய பாட்டில்கள் அனைத்தையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு அப்படியே கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிடுவது, பெயர்களை நினைவுபடுத்திச் சொல்வதைவிட நல்லது.

சூரணத்தைக் குறிப்பிடக் காரணம் உண்டு. கீழாநெல்லியைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால் பொட்டலத்தில் கீழாநெல்லியோடு வேறு எவை கலந்திருக்கின்றன என்பது நமக்குத் தெரியாது. கொரோனாக் காலத்தில் சீந்தில் கொடி உட்கொண்ட சிலருக்கு, எதிர்ப்புச் சக்தி ஈரலைத் தாக்கும் நோயை ஒத்த பாதிப்பு வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் ஆய்விதழில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்தச் சர்ச்சையில் யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்க, மருந்தால் வந்த பாதிப்பும் இந்த நோயும் நுண்ணோக்கியின் கீழேகூட ஒன்றுபோலத் தோன்றக்கூடும் என்பதால், எதை எப்போதிருந்து சாப்பிட்டார்கள் என்ற விவரம் சதையைப் பார்க்கும் மருத்துவருக்கும் தேவைப்படுகிறது.

பரிசோதனை நாளில் நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வார்கள். சர்க்கரை நோய் இருந்தால் அன்றைய மாத்திரை, இன்சுலின் பற்றி முதல் நாளே கேட்டுவிடுங்கள். மல்லாந்து படுக்க வைத்து, வலக்கையைத் தலைக்குமேல் வைக்கச் செய்து, ஸ்கேன் கருவியால் இடம் பார்த்துக் குறியிட்டு, மரத்துப்போவதற்கான ஊசி போடுவார்கள். அந்த மருந்து உள்ளே இறங்கும்போது சில நொடிகள் சுரீரென்று எரியும்; பலர் "வலி" என்று பிறகு சொல்வது இதைத்தான். பின்னர், "மூச்சை வெளியே விட்டு, அப்படியே நிறுத்துங்கள்" என்பார்கள். மூச்சோடு ஈரலும் மேலும் கீழும் அசையும் என்பதால் அந்தக் கணத்தில் அசையாமல் இருப்பது மிக முக்கியம். ஸ்டேப்ளர் அடிப்பது போன்ற ஒரு 'டக்' ஓசை கேட்கும். உள்ளே ஓர் அழுத்தம் தெரியும். ஊசி ஈரலுக்குள் இருப்பது ஓரிரு நொடிகளே. சில சமயம் இரண்டாம் முறையும் எடுக்க நேரிடும். மூச்சை நிறுத்தும் இந்தப் பயிற்சியை முந்தைய இரவே வீட்டில் நாலைந்து தடவை செய்து பார்த்துக்கொண்டால், ஓசை கேட்டதும் ஆத்தா திடுக்கிட மாட்டார்கள்.

அதன் பிறகு வலப்பக்கமாக ஒருக்களித்தோ, மல்லாந்தோ, நான்கு முதல் ஆறு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒரு முறை நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பார்கள். வலத் தோளில் வலி வந்தால், ஊசி போட்டது விலாவில், வலிப்பது தோளிலா என்று திகைக்க வேண்டாம். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து வருவதால் அப்படித் தோன்றுகிறது. பெரும்பாலும் பாராசிட்டமாலுக்கு அடங்கிவிடும். அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, வியர்வை, தலைசுற்றல், மூச்சுத்திணறல், காய்ச்சல், கருநிற மலம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். வீட்டில் இருந்தால் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். ரத்தக்கசிவே முதன்மையான ஆபத்து. சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு அது நேர்வது அரிது. உயிரிழப்பு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்கு என்பது பழைய கணக்கு. கசிவு நேர்ந்தால் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். ஏறக்குறைய எல்லாமே ஒரு நாளுக்குள் வெளிப்பட்டுவிடும்.

ஆகவே, அன்றே ஊர் திரும்பலாமா என்ற கேள்விக்கு என் பதில்: மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும், அன்றிரவு மதுரையிலேயே உறவினர் வீட்டிலோ விடுதியிலோ துணையோடு தங்குங்கள். மருத்துவமனையிலிருந்து அரை மணி நேரத் தொலைவுக்குள் இருப்பது நல்லது. காரைக்குடியோ ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். மறுநாள் காலைப் பலகாரத்துக்குப் பின் நிதானமாகப் புறப்படலாம்.

சதை இழையை ஃபார்மலினில் இட்டு, மெல்லிய சீவல்களாக்கி, பல சாயங்கள் ஏற்றிப் பார்ப்பார்கள்: நார்த்தழும்புக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று, செம்புக்கு ஒன்று என. முடிவு வர ஒரு வாரம் ஆகலாம். ஆத்தாவுக்குச் சந்தேகிக்கப்படும் நோய் உறுதியானால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டும் அசதயோபிரினும் மாதக்கணக்கில், பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் தர வேண்டியிருக்கும். அத்தகைய மருந்துகளை ஊகத்தின் பேரில் தொடங்குவதைவிட ஒரு நாள் படுத்தெழுவது மேல் என்பதே என் கருத்து. நிபுணரும் அதனால்தான் வற்புறுத்துகிறார்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். தேவகோட்டையில் இருக்கும் எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, தட்டணுக்களும் குறைவு. அதனால் கழுத்து வழியாக பயாப்ஸி எடுப்பதாகச் சொல்கிறார்கள். ஈரலுக்குக் கழுத்து வழியா? மேலும், விஷயம் தெரிந்தால் அப்பச்சி மனம் உடைந்துவிடுவார்கள் என்பதால், "ஸ்கேன் எடுக்கப் போகிறோம்" என்று மட்டும் சொல்லி அழைத்துப் போகலாமா?

பதில்: முதல் கேள்வி எளிது. கழுத்தின் வலப்பக்கப் பெருஞ்சிரையில் ஒரு மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி இதயத்தின் வலது மேலறையைக் கடந்து, ஈரலிலிருந்து வரும் சிரைக்குள் செலுத்தி, அங்கிருந்து சதையை எடுப்பார்கள். ரத்தம் கசிந்தாலும் வயிற்றுக்குள் கொட்டாமல் அந்தச் சிரைக்குள்ளேயே சேர்ந்துவிடும் என்பதுதான் இந்தச் சுற்றுவழியின் பயன். இதயத்தைக் கடக்கும்போது துடிப்பு சற்றுத் தாறுமாறாகலாம் என்பதால் ஈசிஜி திரையைப் பார்த்துக்கொண்டே செய்வார்கள். போன வழியிலேயே ஈரல் சிரையின் அழுத்தத்தையும் அளந்துவிடலாம். கிடைக்கும் சதைத் துணுக்குகள் சிறியவையாக இருப்பதால் பல முறை எடுக்க நேரிடும்.

இரண்டாவதற்கு என் பதில், கூடாது என்பதே. பாசத்தால் கேட்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் சம்மதப் படிவத்தில் கையொப்பமிட வேண்டியவர் அப்பச்சிதான். தெளிந்த அறிவோடு இருக்கும் ஒருவருக்காக மகன் கையொப்பமிட முடியாது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்குச் செய்த, அவசரமில்லாத அறுவைக்கு அவருடைய தாயார் அளித்த சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே 2008-இல் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டத்தை விட்டுவிட்டாலும், இந்தப் பரிசோதனையின்போது பெரும்பாலும் விழித்திருப்பார்கள், முகத்தை மூடும் துணிக்குக் கீழே, கழுத்தில் ஏதோ அழுத்துவதை உணர்ந்தபடி, "இது என்ன ஸ்கேன்?" என்று நினைத்துக்கொண்டு ஒரு பெரியவர் படுத்திருப்பதை எண்ணிப் பாருங்கள். பயந்து திமிறினால் ஆபத்து அவருக்குத்தான்.

கொண்டுவிற்றுக் கணக்குப் பார்த்தவர்களுக்கு உண்மையைத் தாங்கத் தெரியும் என்பது, இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு மருத்துவம் பார்த்த என் அனுபவம். "அப்பச்சி, வயிற்றில் ஏன் நீர் சேர்கிறது என்று கண்டுபிடிக்க ஈரலில் துளி சதை எடுத்துப் பார்க்கிறார்கள், முடிவு வந்ததும் உங்களிடமே சொல்கிறோம்" என்று தொலைபேசியில் நீங்களே சொல்லுங்கள். மேற்கொண்டு அவர்கள் கேட்பதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். முடிவைத் தம்மிடம் சொல்ல வேண்டாம், மகனிடம் சொல்லுங்கள் என்று அப்பச்சியே விரும்பினால் அது வேறு. மருத்துவரிடம் அவர்களே அதைச் சொல்லட்டும்.

கேள்வி: ஸ்கேனில் 'கொழுப்பு ஈரல், இரண்டாம் நிலை' என்று வந்திருக்கிறது. எனக்கும் பயாப்ஸி தேவையா? (வாசகர், திருப்பத்தூர்)

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. வயது, இரண்டு என்சைம்கள், தட்டணு எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு தழும்பின் அளவைக் கணிக்க ஒரு கணக்கு உண்டு. அதில் ஐயம் எழுந்தால் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டாலோ, வேறு நோயும் சேர்ந்திருப்பதாகத் தோன்றினாலோதான் ஊசி. உங்கள் ஸ்கேனில் உள்ள 'இரண்டாம் நிலை' கொழுப்பின் அளவைக் குறிப்பது; பயாப்ஸி அறிக்கைகளில் 0 முதல் 4 வரை வரும் நிலை தழும்பைக் குறிப்பது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு தூக்கம் கெட்டவர்கள் பலர். நீங்கள் எடையைக் குறையுங்கள். விருந்து வீடுகளில் வெள்ளைப் பணியாரத்தை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு ஈரலில் கட்டி. ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: உறவினர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை அவர்கள் மிகையாக்கிவிடுகிறார்கள். ஈரலிலேயே தோன்றும் புற்றுநோயில், ஊசி சென்ற பாதையில் அந்த அணுக்கள் ஒட்டிக்கொள்வது நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு நேரலாம். ஆனால், ஏற்கெனவே ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு, மருந்து செலுத்தி எடுக்கும் சிடி அல்லது எம்ஆர்ஐ படத்தில் குறிப்பிட்ட அடையாளங்கள் தெளிவாகத் தெரிந்தால், ஊசியே இல்லாமல் நோயை உறுதி செய்துவிடுவார்கள். அறுவையோ ஈரல் மாற்றோ செய்ய வாய்ப்பு இருந்தால், அந்த அறுவை மருத்துவரைக் கேட்காமல் ஊசி போட விடாதீர்கள். மாறாக, குடலிலோ வேறிடத்திலோ தோன்றி ஈரலுக்கு வந்த கட்டியாக இருக்கலாம் என்றால், எந்த மருந்து தருவது என்பதையே அந்தச் சதைதான் முடிவு செய்கிறது. அங்கே தடுப்பது தவறு. "இந்த முடிவு வந்தால் சிகிச்சை எப்படி மாறும்?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். தெளிவான விடை கிடைத்தால் சம்மதியுங்கள். கிடைக்காவிட்டால் இன்னொரு மருத்துவரையும் பாருங்கள்.

கேள்வி: தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடப்பது எங்கள் வீட்டு வழக்கம். பாதயாத்திரைக்குப் பதினைந்து நாள் முன்பு எனக்கு பயாப்ஸி எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நடக்கலாமா, காவடி எடுக்கலாமா?

பதில்: ஊசியைப் பொறுத்தவரை, ஒரு வாரம் வரை பளு தூக்காமலும், குனிந்து நிமிர்ந்து கடும் வேலை செய்யாமலும் இருந்தால் போதும், சிக்கல் ஏதும் இல்லாமல் பதினைந்து நாள் கடந்துவிட்டால் அதனால் தடையில்லை. தடை வந்தால் நோயால்தான் வரும். ஈரல் சுருக்கமோ, உணவுக்குழாயில் புடைத்த சிரைகளோ இருந்தால் காவடியை இந்த ஆண்டு தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கேட்டபின் நடப்பதை முடிவு செய்யுங்கள். பட்டினி கிடந்து நடக்க வேண்டாம். வழியில் கால்வலிக்கு என்று யாரேனும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரையைக் கொடுத்தால், "ஈரல் வைத்தியம் பார்க்கிறேன்" என்று சொல்லி மறுத்துவிடுங்கள். பாராசிட்டமால் மட்டும், அதுவும் நாளொன்றுக்கு இரண்டு கிராமுக்கு மிகாமல், மடியில் வைத்துக்கொள்ளலாம்.