மூணு ஊரோட நின்னுபோச்சுண்ணே!

கேள்வி: அண்ணே, சிவிலைசேஷன் 6னு ஊரு கட்டி நாட்ட வளக்குற கம்ப்யூட்டர் கேம் விளாடுறேன். மூணு ஊருக்கு மேல போக முடியல, அதுக்குள்ள சுத்தி இருக்கவங்க எடத்தப் புடிச்சிடுறாங்க. கம்ப்யூட்டர் ஆடுற ரோம் ராஜா டிராஜன் வேற சும்மா திட்டிக்கிட்டே இருக்கான். என்ன செய்ய?
- வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, டிராஜன் திட்டுறதுக்குக் காரணமே உங்க மூணு ஊருதான். அவனுக்கு எடம் கம்மியா வச்சிருக்கவங்களக் கண்டாலே ஆகாது, அதான் கேமுல அவனுக்கு வச்சிருக்க கொணம் (அஜெண்டா). ஆரம்பத்துலயே ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி அதிசயம் கட்டுறேன்னு ஒக்காந்துறாதீங்க, அந்த டர்னயெல்லாம் புது ஊரு வைக்கிற செட்லருக்குப் போடுங்க. ஒவ்வொரு செட்லர் எடுக்க எடுக்க அடுத்ததுக்கு வெல ஏறும், ஊருல ஒரு ஆளும் கொறையும், அதனால எர்லி எம்பையர்ங்கற சிவிக் (சமூக வளர்ச்சிப் படி) வந்த கையோட, செட்லர 50 சதவீதம் வேகமா எடுக்க வைக்கிற காலனைசேஷன் கொள்கை கார்டப் போட்டுட்டு, அந்த வேகம் இருக்கும்போதே வரிசையா எறக்கிடணும். ஊரு வைக்கிற எடம் ஆத்தங்கரையா இருக்கட்டும், நல்ல தண்ணி இருந்தா ஹவுசிங் (ஊரு தாங்குற ஜனக் கணக்கு) 5, தண்ணியே இல்லாட்டி 2தான். வைகை இல்லாம மதுரையா, அந்தக் கணக்குதான்.

டிப்ளமசிக்கு, எவனயாச்சும் புதுசாப் பாத்தீங்கன்னா அந்த டர்னுலயே 25 தங்கம் குடுத்து டெலிகேஷன் (தூதுக்குழு) அனுப்பிருங்க, அப்பறம் பாத்துக்கலாம்னு விட்டா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வாங்க மாட்டான். கொஞ்சம் சிரிச்ச மொகமா ஆனதும் ஃபிரண்ட்ஷிப் கேளுங்க, ஒத்துக்கிட்டான்னா அது முடியிறவரைக்கும் சண்டைக்கு வர முடியாது. சுமேரிய ராஜா கில்கமேஷ் பக்கத்துல இருந்தா யோசிக்காம கேளுங்க, நம்ம கட்சிக்காரன் அவன். எல்லைல ரெண்டு மூணு ஆர்ச்சர் (வில்லு வீரன்) மட்டும் எப்பவும் நிக்கட்டும், படை இல்லாத ஊருன்னு தெரிஞ்சா ஏறி வந்துருவாய்ங்க.