எக்ஸ்86-ல் சரியாக ஓடும் டிரைவர், பிக் எண்டியன் (எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும்) கணினியில் டிஸ்கிரிப்டர் (டிரைவரும் சாதனமும் பகிரும் தரவுத் தொகுப்பு) நீளத்தை 512-க்குப் பதில் 131072 என்று காட்டுகிறது. லினக்ஸ் கெர்னலில் இதை எப்படிச் சரிசெய்வது?

அந்த எண்ணிலேயே காரணம் இருக்கிறது. 512 என்பது பதினாறடிமானத்தில் 00000200. நான்கு பைட்டுகளையும் திருப்பிப் போட்டால் 00020000, அதாவது 131072. சாதனம் லிட்டில் எண்டியனில் (சிறிய பைட் முதலில்) எழுதியதை டிரைவர் மாற்றாமல் படிக்கிறது.

படிக்கும் இடத்தில் ஒரு எல்இ32_டு_சிபியு (லிட்டில் எண்டியன் 32 பிட் எண்ணைச் சிபியு வரிசைக்கு மாற்றுவது) போட்டால் இந்த அறிகுறி மறையும். ஆனால் அங்கே தொடங்காதீர்கள். இதே பிழை இன்னும் எத்தனை இடத்தில் இருக்கிறதோ! முதலில் டிஸ்கிரிப்டரின் ஸ்ட்ரக்டைத் திருத்துங்கள். சாதனமும் படிக்கும் புலங்களில் யூ32 என்றிருப்பதை __எல்இ32 என்றும், யூ16-ஐ __எல்இ16 என்றும் மாற்றுங்கள். கம்பைலருக்கு இதனால் எந்த வித்தியாசமும் இல்லை. கெர்னல் நிரலைச் சரிபார்க்கும் ஸ்பார்ஸ் கருவிக்குத்தான் புரியும். பிறகு மேக் கட்டளையை சி=2 என்று கொடுத்து ஓட்டுங்கள். சி=1 என்றால் மறுபடி கம்பைல் ஆகும் கோப்புகளை மட்டுமே பார்க்கும். கெர்னல் 4.10-க்கு முந்தையது என்றால் __செக்_எண்டியன்__ மேக்ரோவையும் நீங்களே கொடுக்க வேண்டும்.

ஸ்பார்ஸ் எச்சரிக்கும் ஒவ்வொரு வரியையும் திறந்து பாருங்கள். எச்சரிக்கையை அடக்கும் __ஃபோர்ஸ் குறியைப் போட்டு வாயை அடைப்பது திருத்தம் ஆகாது.

அதிகம் ஏமாற்றுவது அளவுப் பிழை. 16 பிட் புலத்தில் சிபியு_டு_எல்இ32(512) எழுதினால் எக்ஸ்86-ல் 512-தான் விழும். பிக் எண்டியனில் மதிப்பு 00020000 ஆகி, கீழ் 16 பிட் மட்டும் தங்கி, புலத்தில் சுழியம் நிற்கும். அங்கே சிபியு_டு_எல்இ16 வேண்டும்.

இன்னொன்று, இருமுறை திருப்புவது. சாதனத்தின் ரெஜிஸ்டரைப் படிக்கும் ரீட்எல் தருவது ஏற்கெனவே சிபியு வரிசையில் இருக்கும். அதன்மேல் எல்இ32_டு_சிபியு போட்டால் மறுபடி கெடும். டிஎம்ஏ நினைவகத்தில் (சாதனம் நேரடியாகப் படித்து எழுதும் இடம்) உள்ள டிஸ்கிரிப்டருக்குத்தான் அந்த மாற்றம் தேவை, ரெஜிஸ்டருக்கு அல்ல.

சாதனம் படிக்கும் ஸ்ட்ரக்டில் சி மொழியின் பிட்ஃபீல்டு (பிட் கணக்கில் பிரித்த புலம்) இருந்தால் எடுத்துவிட்டு மாஸ்க், ஷிஃப்ட் எழுதுங்கள். பிட்ஃபீல்டின் வரிசையும் எண்டியனைப் பொறுத்து மாறும், ஸ்பார்ஸ் அதைப் பிடித்துத் தராது.

மாறிலியோடு ஒப்பிடும்போது புலத்தை மாற்றாமல் மாறிலியை மாற்றுங்கள். அது கம்பைல் நேரத்திலேயே முடிந்துவிடும்.

சோதிக்க உண்மையான வன்பொருள் இல்லையென்றால், உங்கள் சாதனத்துக்கு க்யூஇஎம்யூவில் (கணினியை மென்பொருளாகவே ஓட்டும் கருவி) எமுலேஷன் இருக்கும்பட்சத்தில், பிக் எண்டியன் பவர்பிசி கெர்னலை அதில் ஏற்றிப் பாருங்கள். பிபிசி64எல்இ இமேஜை எடுத்துவிடாதீர்கள். அது லிட்டில் எண்டியன், எல்லாம் சரி என்றே காட்டும்.