அமாவாசைப் பிள்ளை

*டீச்சர், வணக்கம். கோத்தகிரி பக்கம் ஓர் ஊரில் இருக்கிறேன். என் பையனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிகிறான். போன வாரம் சாதம் குழைந்துவிட்டது என்று தட்டோடு சுவரில் அடித்தான். ஸ்கூலிலும் இரண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். "அமாவாசையில் தரித்தது அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மாமியார். எனக்கு வேறு பயம். அவன் நாங்கள் வேண்டிப் பெற்ற பிள்ளை இல்லை. மூத்தவளுக்கு அப்போது ஒன்றரை வயது. வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்த ராத்திரி அது, எனக்கு இஷ்டமே இல்லை. நாள் தள்ளிப்போனதும் எள், பப்பாளி, அன்னாசி என்று எல்லாம் தின்று பார்த்தேன். கலையவில்லை. அந்த வெறுப்புதான் அவன் ரத்தத்தில் ஊறிவிட்டதா? இவரும் இன்னும் மாறவில்லை, போன மாதம்கூட சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தார், அதை விடுங்கள். பையன் சரியாவானா? — எஸ்.*

அன்புள்ள எஸ்.,

எட்டுப் பக்கக் கடிதம். ஆள் தெரியாதபடி சுருக்கி, உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்.

மாமியார் கணக்கை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். ராவணன் அப்படிப் பிறந்ததற்கு அந்தி நேரத்தைத்தானே காரணம் சொல்வார்கள்? அவனுடைய அம்மா கைகசி ஆகாத நேரத்தில் விச்ரவசு முனிவரிடம் போய் நின்றாள், அதனால் வந்த வினை என்று. சரி, அதே அப்பாவுக்கும் அதே அம்மாவுக்கும் பிறந்த விபீஷணன்? அவள் கெஞ்சியதால் கடைசிப் பிள்ளைக்கு மட்டும் விலக்கு என்று கதையே சமாளிக்கிறது. ஆடி மாதத்தில் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புவதும் இந்த ரகம்தான். சித்திரை வெயிலில் பிரசவம் வேண்டாம் என்று கீழ்நாட்டில் போட்ட கணக்கு என்பார்கள். ஊட்டியில் சித்திரை, வைகாசிதான் சீசன், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மலர்க் கண்காட்சி பார்க்கிறோம். இங்கேயும் பெண்ணை அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை.

2009 நவம்பர் மழை நினைவிருக்கும். மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் போய்விட்டார்கள், மலை ரயில் நின்றது. எங்கள் ஊரில் ஒரு வாரம் கரண்ட் இல்லை. அடுத்து எந்த மேடு சரியுமோ என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தோம். அடுத்த ஆகஸ்டில் ஊரில் நாலு பிரசவம். அங்கன்வாடி ஆயா அந்த நாலுக்கும் 'மண்சரிவு செட்' என்று பெயர் வைத்துவிட்டார். நாலு பேரும் ஒன்றாம் வகுப்புக்கு என்னிடம்தான் வந்தார்கள். ஒருத்தன் பெஞ்சில் உட்காரவே மாட்டான். ஒருத்தி வாயைத் திறக்க டிசம்பர் ஆனது. ஒருத்தன் வகுப்பில் எல்லாருடைய பென்சிலையும் வாங்கிச் சீவிக் கொடுத்துக்கொண்டிருப்பான். நாலாவது பெண்ணுக்கு எதற்கெடுத்தாலும் அழுகை. அவளுடைய அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், ஊர்ப்பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. அதே இருட்டு, அதே பயம், நாலு குணம். அழுகிறவளுக்கு மட்டும் காரணம் எனக்குத் தெரிந்தது. அந்தக் காரணத்துக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை.

இப்போது உங்கள் பயம். 'வேண்டாத பிள்ளை' என்பதை யாரும் ஆராயவில்லை என்று நினைக்காதீர்கள். 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவில் கருவைக் கலைக்க ஒரு குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரே கர்ப்பத்துக்கு இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் மறுக்கப்பட்ட பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு 1961 முதல் 1963 வரை பிறந்த 220 குழந்தைகளை பிராக் நகர ஆய்வாளர்கள் தேடிப் பிடித்தார்கள். விரும்பிப் பெற்ற வேறு 220 குழந்தைகளோடு ஒப்பிட்டு, அவர்கள் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தார்கள். நீங்கள் எள் தின்றீர்கள், அந்தப் பெண்கள் மனுவே போட்டார்கள். வேண்டாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி ஏது?

வித்தியாசம் இருந்தது, உங்களிடம் மறைக்க மாட்டேன். ஒன்பது வயதில் அறிவுத்திறனில் இரண்டு கூட்டமும் ஒன்றுதான், ஆனால் வேண்டாத பிள்ளைகளின் மார்க் கொஞ்சம் குறைவு. பதின்வயதில் இடைவெளி கூடியது. முப்பதை ஒட்டி அது மறுபடி குறைந்தது. இதெல்லாம் கூட்டத்தின் சராசரி. தனியாக ஒரு பிள்ளையை எடுத்து இவன் இப்படித்தான் ஆவான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ரத்தத்தில் ஊறியது என்றால் ஏறி இறங்காது. வேண்டாம் என்று நினைக்க வைத்த வீடும் காசும் புருஷனும் பிள்ளை பிறந்த அன்றே மாறிவிடுவதில்லை. பிள்ளை அதற்குள்தான் வளர்கிறது. நான் அந்த ஆய்வைப் புரிந்துகொள்வது இப்படித்தான்.

வயிற்றில் இருக்கும்போது நடப்பது எதுவுமே ஒட்டாது என்றும் சொல்ல மாட்டேன். தாய் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தால், கர்ப்பத்தில் மது குடித்தால், குழந்தையின் மூளை வரைக்கும் பாதிக்கும். நீங்கள் தின்றது மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த பப்பாளி. அது கருவையும் கலைக்கவில்லை, பையன் குணத்தையும் கலைக்கவில்லை. தரித்த நேரம்தான் குணம் என்றால் இதையும் கேளுங்கள். 1978-இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது, அடுத்த சில மாதத்தில் கொல்கத்தாவில் இன்னொன்று. கரு உருவான நேரத்தில் அப்பாவும் அம்மாவும் அந்த அறையிலேயே இல்லை. அப்படிப் பிறந்தவர்களை வளர வளரப் பார்த்தார்கள், எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருக்கிறார்கள்.

அந்த ராத்திரியைப் பற்றி ஐந்து பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு இஷ்டமில்லாமல் நடந்தது தப்பு, அது உங்கள் தப்பு இல்லை. அதைச் சுமந்தது நீங்கள், அவன் இல்லை. அவனுக்கு அந்த ராத்திரி தெரியாது. யாராவது சொன்னால்தான் தெரியும், உங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 'அமாவாசையில் தரித்தது' என்று அவன் காதுபடச் சொல்வதை மாமியார் நிறுத்தியாக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

போன மாத ராத்திரிக்கு மட்டும் ஒரே வரி, அதிலும் "அதை விடுங்கள்" என்று ஒரு வால். எப்படி விடுவது? அப்பா தட்டை எறிந்தார். அடுத்த மாதம் பையன் தட்டை எறிந்தான். எட்டு வருஷத்துக்கு முந்தைய அமாவாசை வரைக்கும் போவானேன்? குடிக்கு மருத்துவம் இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் கேளுங்கள். அவர் வர மாட்டேன் என்றாலும் நீங்கள் மட்டும் போய்ப் பேசலாம். அடி விழுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. விழுந்தால் 181-க்கு அழையுங்கள், அது பெண்களுக்கான உதவி எண்.

அப்புறம் ஒன்று, அவன் காதைக் காட்டுங்கள். சிரிக்காதீர்கள். நம் குளிரில் சளி பிடித்துக் காது அடைப்பது சகஜம். என் வகுப்பில் ஒரு பையன், கூப்பிட்டால் திரும்ப மாட்டான், தொட்டால் அடிப்பான். திமிர் என்று நானே ஒரு வருஷம் அவனைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். பள்ளிக்கு வந்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு காதிலும் சீழ். இன்றைக்கும் அந்த பெஞ்சை நினைத்தால் எனக்குக் கூசுகிறது. உங்கள் பையனுக்குக் காது சரியாக இருந்தால் தூக்கம் எப்படி என்று பாருங்கள், வகுப்பில் யாராவது சீண்டுகிறார்களா என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் எறிதல் நிற்கவில்லை என்றால் குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள்.

சரியாவானா என்று கேட்டீர்கள். ஏழு வயதுதானே ஆகிறது, நிறைய நாள் இருக்கிறது. அப்பாவின் ராத்திரிகள் மாறினால் சீக்கிரம் ஆவான், மாறாவிட்டால் உங்கள் பாடு கூடும்.

காதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மூத்தவள் எப்படி இருக்கிறாள்? அந்தத் தட்டு பறந்தபோது அவளும் வீட்டில்தானே இருந்திருப்பாள். எட்டுப் பக்கத்தில் அவளைப் பற்றி, ஒன்றரை வயது என்பதற்கு மேல் ஒன்றுமே இல்லையே.

அன்புடன்,
டீச்சர்